தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடிய குட்டி ரயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைக்காரன் காலத்திலேயே கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்தது என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். இருந்தது. தர்மபுரிக்கும் இருந்தது, ஓசூருக்கும் இருந்தது. ஏன் போட்டார்கள், ஏன் பிடுங்கினார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

மொத்தம் எத்தனை தடங்கள்? எங்கிருந்து எங்கே?

இரண்டு. ஒன்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, சுமார் 25 மைல், அதாவது 40 கி.மீ. 1905ல் திறந்தார்கள். இன்னொன்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு, சுமார் 18 மைல், 1906ல் திறந்தது. இந்த இரண்டாவது தடத்தை அப்புறம் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை நீட்டினார்கள், அந்த வேலை 1913ல் முடிந்தது. ஆக மொரப்பூர் முதல் ஓசூர் வரை கிட்டத்தட்ட 120 கி.மீ. இரண்டுமே இரண்டரை அடி அகலப் பாதைகள். கிருஷ்ணகிரித் தடம் 1936ல் மூடப்பட்டது, ஓசூர்த் தடம் 1941ல்.

இன்றைய மாவட்ட எல்லைகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பம்தான் வரும். போட்ட காலத்தில் இந்த ஊர்கள் எல்லாமே சேலம் மாவட்டம். திருப்பத்தூர் 1911ல் வட ஆற்காட்டுக்குப் போனது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004ல்.

இவற்றைப் 'பஞ்சத் தடங்கள்' என்கிறார்களே, பஞ்சத்துக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1876ல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்லி வருவது அதைத்தான். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்திலேயே மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள். பத்து வருடம் கழித்து 1881ல் எண்ணியபோது 16 லட்சம்கூட இல்லை. கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது, ஐந்தில் ஒரு பங்கு ஜனம் காணாமல் போயிருக்கிறது. செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் இதில் அடக்கம்.

நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் கொடுத்த கூலி என்ன தெரியுமா? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தபடி, நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. இது உயிர் தங்கப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அப்போதே சண்டை போட்டார், அதன் பிறகே கூலியைக் கூட்டினார்கள்.

பஞ்சம் முடிந்ததும் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் போட்டார்கள். 1880ல் வந்த அதன் அறிக்கை, பஞ்சம் வந்தால் தானியம் போய்ச் சேர நாட்டுக்கு மொத்தம் 20,000 மைல் ரயில் பாதை வேண்டும், அதில் 5,000 மைல் உடனே வேண்டும் என்றது. அதிலிருந்துதான் ரயில் பாதைகளை லாபம் தருபவை, பாதுகாப்புக்கானவை என்று இரண்டு கணக்காகப் பிரித்தார்கள். லாபத் தடம் என்றால் போட்ட முதலுக்கு வட்டியாவது கட்ட வேண்டும். பாதுகாப்புத் தடத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, பஞ்சம் வரும் வருடத்தில் உயிர்களைக் காப்பாற்றினால் போதும். கிருஷ்ணகிரித் தடமும் தர்மபுரித் தடமும் இந்த இரண்டாவது கணக்கில் பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு மூடிய கதைக்கு இது தேவைப்படும்.

சேலம் மாவட்டத்தில் அதற்கு முன்பே ரயில் இருந்ததே, அது ஏன் காப்பாற்றவில்லை?

மிகச் சரியான கேள்வி. மதராஸ் ரயில்வேயின் பெரிய தடம், சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போனது. சேலம் பகுதியில் 1860களின் தொடக்கத்திலேயே வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது. அதாவது பஞ்சம் வந்தபோது மாவட்டத்தின் குறுக்கே அகல ரயில் பாதை பதினைந்து வருடமாக இருந்தது. அப்படியிருந்தும் ஐந்தில் ஒரு பங்கு ஜனம் குறைந்தது.

தானியம் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து முப்பது நாற்பது மைல் உள்ளே இருக்கும் கிராமத்துக்கு யார் கொண்டு போவது? மாட்டு வண்டிதான். மழை இல்லாததால் மனுஷனுக்கு முன்பே மாடு செத்தது. புல் இல்லை, வைக்கோல் இல்லை, வழியில் தண்ணீர் இல்லை. உயிரோடு இருந்த மாட்டுக்கு வண்டி வாடகை எகிறியது. வண்டியிலேயே மாட்டுக்கும் தீனி ஏற்றிக்கொண்டு போனால்தான் மாடு ஊர் போய்ச் சேரும், அப்படி ஏற்றினால் மூட்டைக்கு இடம் குறையும். பெரிய தடத்திலிருந்து உள்ளே கிளைத் தடம் வேண்டும் என்ற வாதம் இங்கிருந்துதான் பலம் பெற்றது.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ரயில் மட்டும் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று ஆகிவிடும். விலை ஏறிய ஊருக்குத்தான் வியாபாரி தானியத்தை அனுப்புவான். கையில் காசில்லாத கூலிக்காரன் ஸ்டேஷன் வாசலிலேயே குடியிருந்தாலும் பட்டினிதான் கிடப்பான். ரயில் இருந்ததாலேயே உள்ளூர்த் தானியம் வெளியூர் போய் விலை ஏறிய கதையும் அந்தக் காலத்தில் நடந்தது. வேலையும் கூலியும் கொடுக்காமல் தண்டவாளத்தை மட்டும் கொடுத்தால் அது பாதி வேலைதான்.

பஞ்சம் 1876ல், ரயில் 1905ல். ஏன் இவ்வளவு தாமதம்?

பணம்தான் காரணம். பஞ்ச நிவாரணத்துக்கும் பஞ்சத்தைத் தடுக்கும் வேலைகளுக்கும் என்று வருடத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாக அன்றைய வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அறிவித்தது, அதற்காகப் புது வரியும் போட்டது. அந்தப் பணம் ஆப்கான் போருக்குப் போகிறது என்று அப்போதே கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. நிதி வந்த வருடங்களிலும் வரிசையில் முன்னால் நின்றது நீண்ட தூரப் பெரிய தடங்கள். பாராமகால் என்று அந்தக் காலத்தில் சொன்ன இந்தக் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துச் சின்ன ஊர்களின் முறை வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது.

ஏன் குட்டிப் பாதை? நேராக அகலப் பாதையே போட்டிருக்கலாமே?

நம் நாட்டில் அகலப் பாதை என்றால் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. மீட்டர் பாதை 1,000 மி.மீ. இந்தக் குட்டிப் பாதை 762 மி.மீ., அதாவது இரண்டரை அடி. அகலம் குறையக் குறைய எல்லாமே மலிவாகும். வளைவைக் குறுகலாகப் போடலாம், அதனால் குன்றைக் குடையாமல் சுற்றிக்கொண்டு போகலாம். தண்டவாளம் லேசானது போதும், கட்டை சின்னது போதும், கரையும் பாலமும் ஒல்லியாக இருந்தால் போதும், நிலமும் குறைவாகக் கையகப்படுத்தினால் போதும். இந்த அகலத்தில் நல்ல பாரம் இழுக்கலாம் என்பதை 1897ல் மகாராஷ்டிரப் பக்கம் பார்சியில் எவரார்ட் கால்திராப் என்ற பொறியாளர் செய்து காட்டியிருந்தார்.

லாபம் எதிர்பார்க்காத தடத்துக்கு அரசு எவ்வளவு செலவழிக்கும்? எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு. என் அபிப்பிராயம், இந்தச் சிக்கனம்தான் பிற்பாடு தடத்தின் கழுத்தைப் பிடித்தது. வேகம் கிடையாது, பெரிய தடத்து வண்டி இதற்குள் நுழையவும் முடியாது.

ஊட்டி மலை ரயில் மாதிரியா?

இல்லை. ஊட்டி ரயில் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் மீட்டர் பாதைதான், செங்குத்தான இடங்களில் பல்சக்கரமும் உண்டு. மொரப்பூர், திருப்பத்தூர்த் தடங்கள் அதைவிட அகலம் குறைந்தவை. பல்சக்கரம் எல்லாம் கிடையாது.

மொரப்பூரில் வண்டி மாற வேண்டுமா?

ஆமாம், ஆளும் மாற வேண்டும், சரக்கும் மாற வேண்டும். இந்தத் தடத்தின் உண்மையான செலவு இங்கேதான் இருந்தது. மொரப்பூரும் திருப்பத்தூரும் அகலப் பாதை ஸ்டேஷன்கள், அதன் பக்கத்திலேயே குட்டிப் பாதை வந்து முடியும். பாலக்கோட்டிலிருந்து ஒரு புளி மூட்டை சென்னைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாட்டு வண்டியிலிருந்து இறக்கிக் குட்டி வேகனில் ஏற்றுவார்கள். மொரப்பூரில் குட்டி வேகன் கதவைத் திறந்து, ஒவ்வொரு மூட்டையாக முதுகில் தூக்கிக்கொண்டுபோய் அகலப் பாதை வேகனில் அடுக்க வேண்டும். இரண்டு வேகனின் கொள்ளளவும் வேறு வேறு, ஒரு பெரிய வேகன் நிறையப் பல குட்டி வேகன்கள் வர வேண்டும், அதுவரை வந்த சரக்கு ஷெட்டில் கிடக்கும். கூலி, தாமதம், சாக்கு கிழிசல், சிந்தல், இடையில் காணாமல் போவது என்று எல்லாம் மூட்டை விலையில்தான் ஏறும். நூறு மைலுக்கு மேல் போகும் சரக்குக்கு இது தாங்கும். முப்பது கி.மீ. குட்டிப் பயணத்துக்குத் தாங்காது. அவ்வளவு தூரத்துக்கு மாட்டு வண்டியே நேராக மொரப்பூர் வந்து ஒரே தடவை ஏற்றிவிட்டுப் போய்விடுமே!

யார் நடத்தினார்கள்?

பாதை அரசுடையது. ஓட்டியது முதலில் மதராஸ் ரயில்வே. அந்தக் கம்பெனியின் ஒப்பந்தம் 1907 கடைசியோடு முடிந்ததும் அதன் தடங்களைப் பங்கு பிரித்தார்கள், ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரை போகும் பக்கம் தென்னிந்திய ரயில்வேயிடம் வந்தது, அதோடு ஒட்டியிருந்த இந்த இரண்டு குட்டித் தடங்களும் சேர்ந்தே வந்தன. ஓசூர் நீட்டிப்பு தென்னிந்திய ரயில்வே காலத்தில் வந்தது.

ஓசூர் வரை போன தடம் ஏன் பெங்களூருக்குப் போகவில்லை?

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கி.மீ.தான். வரைபடத்தைப் பார்க்கிற யாருக்கும் இந்தக் கேள்வி வரும், எனக்கும் இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை. ஓசூர் சென்னை மாகாணத்தின் கடைசி ஊர், அதைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். எல்லைக்கு இந்தப் பக்கம் பஞ்சப் பாதுகாப்பு என்று போட்ட தடம் எல்லையோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானத்திலும் இதே இரண்டரை அடி அகலத்தில் பௌரிங்பேட்டை (இன்றைய பங்காருப்பேட்டை), கோலார், சிக்கபல்லாபூர் பக்கம் குட்டித் தடங்கள் வந்தன. ஒரே அகலம், ஒரே காலம், இடையில் ஒரு எல்லை. ஓசூரும் பெங்களூரும் அன்றே இணைந்திருந்தால் தர்மபுரி, பாலக்கோட்டுச் சரக்குக்கு ஒரு பெரிய நகரச் சந்தை நேரடியாகக் கிடைத்திருக்கும், மொரப்பூர் என்ற ஒரே வாசலை நம்பி இருக்க வேண்டியதில்லை. தடம் பிழைத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

சரி, ஏன் மூடினார்கள்? நஷ்டம்தானா?

நஷ்டம் உண்மைதான். 1929க்குப் பிறகு உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது, விளைபொருள் விலை விழுந்தது, சரக்கும் குறைந்தது. அதே சமயத்தில் மோட்டார் பஸ் வந்தது. பஸ்காரருக்கு ஸ்டேஷன் வேண்டாம், தண்டவாளம் வேண்டாம், சாலை அரசு போட்டது. சந்தை நாளில் ஊருக்குள்ளேயே வந்து நின்று ஆளையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிருஷ்ணகிரியின் நிலைமை இன்னும் மோசம். அந்த ஊர் சாலைகளின் சந்திப்பு, சென்னை, பெங்களூர், சேலம் மூன்று பக்கமும் நேராகப் போகலாம். ரயிலோ கிழக்கே திருப்பத்தூருக்குப் போய், அங்கே இறங்கி, வேறு வண்டி பிடிக்கச் சொன்னது. பெங்களூர் போகிறவன் எதற்கு அந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?

இது இங்கே மட்டும் நடந்ததில்லை. சாலையும் ரயிலும் மோதிக்கொள்வதைப் பற்றி ஆராய மிட்செல், கிர்க்னஸ் என்ற இருவரை 1932ல் அரசே நியமித்தது, பஸ்களால் ரயில்வேக்குப் பெரிய இழப்பு என்று அவர்கள் கணக்குக் கொடுத்தார்கள். பஸ்களைக் கட்டுப்படுத்த மோட்டார் வாகனச் சட்டம் 1939ல்தான் வந்தது. அதற்குள் கிருஷ்ணகிரித் தடம் மூடி மூன்று வருடம் ஆகிவிட்டது.

என் கோபம் வேறு இடத்தில். லாபம் தராது என்று தெரிந்தே, லாபம் வேண்டாம் என்று சொல்லியே போட்ட தடம் இது. பஞ்சம் வராத வருடத்தில் அது காலியாகத்தான் ஓடும். முப்பது வருடம் கழித்து வேறு அதிகாரிகள், வேறு கணக்குப் புத்தகம், வருடா வருடம் வரவு செலவு என்ன என்று கேட்டு மூடிவிட்டார்கள். எதற்காகப் போட்டோம் என்ற முதல் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. ஓசூர்த் தடம் மூடி இரண்டே வருடத்தில், 1943ல், வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியால் செத்தார்கள். பஞ்சக் காலம் முடிந்துவிட்டது என்று அன்றைக்கு எவரும் சொல்லியிருக்க முடியாது.

தண்டவாளத்தைப் போருக்குக் கொண்டுபோனார்கள் என்கிறார்களே?

இரண்டாம் உலகப் போரின்போது நாடு முழுக்கப் பல கிளைத் தடங்களைப் பிரித்து இரும்பைப் போர்த் தேவைக்குக் கொண்டுபோனார்கள். ஓசூர்த் தடம் மூடிய 1941 அந்தக் காலம்தான். நஷ்டத்தில் ஓடிய தடத்துக்கு இரும்பு விலை வந்த நேரம், அதைக் காப்பாற்றப் பேச ஆளில்லாமல் போனது.

அப்படிப் பிரித்த தடங்கள் எதுவுமே திரும்பி வரவில்லையா?

வந்தது. இமாச்சலப் பக்கம் காங்ரா பள்ளத்தாக்கு ரயில் இதே 762 மி.மீ. அகலம்தான். அதன் ஒரு பகுதியை, நக்ரோட்டாவிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை, 1942ல் பிரித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1954ல் திரும்பப் போட்டார்கள். நம் ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், சிக்கபல்லாபூர்க் குட்டித் தடங்கள் 1990கள் வரை ஓடி, பிறகு அகலப் பாதையாக மாறின. ஆக, குட்டித் தடம் என்றால் சாகத்தான் வேண்டும் என்று ஒன்றுமில்லை.

இன்று தர்மபுரி வழியாகப் போகும் சேலம், பெங்களூர் ரயில் அந்தப் பழைய தடமா?

இல்லை. அது சுதந்திரத்துக்குப் பிறகு, 1960களில் மீட்டர் பாதையாகப் போட்டது, 1990களில் அகலப் பாதையானது. பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் என்று ஊர்கள் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். பழைய தடம் தர்மபுரியிலிருந்து கிழக்கே மொரப்பூருக்குப் போனது, புதியது தெற்கே ஓமலூர் வழியாகச் சேலம் போகிறது. அதனால் தர்மபுரிக்காரர் சென்னைக்கு ரயிலேற இன்றைக்கும் மொரப்பூருக்குப் பஸ்ஸில்தான் போகிறார்.

மொரப்பூர், தர்மபுரி இணைப்பு மறுபடி வருகிறதா?

பல வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். புதுப் பாதை 36 கி.மீ., அகலப் பாதை. 1906ல் 18 மைலில் முடித்ததை இப்போது கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அடிக்கல்லுக்குப் பிறகு நிலம் கையகப்படுத்தும் வேலை மெதுவாகத்தான் போனது.

கிருஷ்ணகிரிக்கு?

இன்னும் இல்லை. மாவட்டத் தலைநகரம், மாங்காய்க்கும் மாங்கூழுக்கும் கிரானைட்டுக்கும் பேர்போன ஊர், ரயில் கிடையாது. திருப்பத்தூர் அல்லது ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குத் தடம் வேண்டும் என்று கேட்பது ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது, ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

பழைய தடத்தின் சுவடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காகிதம், அப்புறம் நடந்துபோய்ப் பார்ப்பது. 1910களிலிருந்து 1930கள் வரை அச்சான இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களில் தடம் இருக்கும். அதிலிருந்து எந்த எந்தக் கிராமம் என்று குறித்துக்கொண்டு, வருவாய்த் துறையின் புலப்படத்தையும் (நிலத்தை அளந்து வரைந்த படம்) அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிட்ட பதிவேடு) பாருங்கள். ரயில் நிலம் புலப்படத்தில் தனியாகத் தெரியும். பக்கத்து வயல்கள் கோணல்மாணலாக இருக்க, அவற்றை வெட்டிக்கொண்டு ஒரே அகலத்தில் ஒரு நாடா போல நீளும்.

நிலத்தில் பார்க்கும்போது ஏரிக்கரையையும் ரயில் கரையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏரிக்கரை தண்ணீரைத் தேக்க வளைந்திருக்கும், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும். ரயில் கரைக்கு இரண்டு பக்கமும் ஒரே சரிவு, மேல்தளம் ஒரே அகலம், ஏற்றம் கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாக இருக்கும், திரும்பும்போது நீளமாக, ஒரே சீராகத் திரும்பும், சாலை மாதிரி சட்டென்று ஒடியாது. ஓடை குறுக்கிடும் இடங்களில் குனிந்து கரைக்கு அடியில் பாருங்கள், கரை கரைந்து போயிருந்தாலும் சின்னப் பாலத்தின் கொத்துக் கற்கள் சுலபத்தில் போகாது. கரைக்கு மேலே வண்டிப் பாதையோ தார்ச் சாலையோ போட்டிருந்தாலும் இந்தப் பாலங்களை அப்படியே விட்டுவைப்பது வழக்கம். பட்டா நிலத்துக்குள் போகும் முன் உடையவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பக்கத்து வயசாளிகளிடமும் பேசுங்கள். தடத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் கரை எந்தக் காட்டு வழியாகப் போனது என்று அவர்கள் அப்பா சொல்லியிருப்பார்.